கம்போசிட் பார்ட் டிசைனில் கிரிட்: சர்ஃபேஸைச் சமமாக வெட்டாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருடத்தில் கம்போசிட் பிராஜெக்ட் எடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்: இறக்கை மாதிரி ஒரு வளைந்த சர்ஃபேஸ் வரைவார்கள், அதை நீளத்தில் பத்து, அகலத்தில் பத்து என்று சமமாக வெட்டுவார்கள், அப்புறம் "அண்ணே, கிரிட் போட்டாச்சு, அடுத்து என்ன?" என்று வந்து நிற்பார்கள். அடுத்து ஒன்றும் இல்லை, அதை அழிக்க வேண்டியதுதான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த நூறு சதுரத்தில் ஒன்றுக்குக்கூட அது ஏன் அங்கே இருக்கிறது என்று காரணம் சொல்ல முடியாது. காரணம் சொல்ல முடியாத கோடு கம்போசிட் டிசைனில் கடைசிவரை தொல்லை.

கம்போசிட் என்றால் என்ன என்பதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். தொண்டி, ஜெகதாப்பட்டினம் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் கம்போசிட்தான். மோல்டில் கண்ணாடி இழைத் துணியை வைத்து, ரெசின் என்ற பிசினைத் தடவி, மறுபடி துணி, மறுபடி ரெசின் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்தப் படகு எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்காது. அடிப்பகுதியிலும், எஞ்சின் மாட்டும் பின்பலகையிலும் அடுக்கு அதிகம், பக்கச்சுவரில் குறைவு. படகு கட்டுகிறவருக்கு இது கையோடு வருகிற அறிவு, இந்த இடத்தில் இன்னும் இரண்டு துணி போடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். விமானத்தில் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. போயிங் 787-இன் எடையில் சுமார் பாதி கம்போசிட், நம்ம தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டில் எடைக்கணக்கில் சுமார் 45 சதவீதம். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை அடுக்கு, எந்த அடுக்கின் இழை எந்தத் திசையில், எங்கே ஓர் அடுக்கு நிற்கிறது, எங்கே அடுத்தது தொடர்கிறது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாக வேண்டும். எழுதுவதற்கு முகவரி வேண்டும் அல்லவா, அந்த முகவரிதான் கிரிட்.

டிசைன் சாஃப்ட்வேரில் கம்போசிட் பார்ட்டை உருவாக்கப் பொதுவாக மூன்று வழி உண்டு. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகக் கையால் வரைந்துகொண்டே போவது முதல் வழி, சின்ன பார்ட்டுக்கு இதுவே போதும். ஒரே கனம் உள்ள பகுதிகளை ஸோன்களாக வரைந்து, அவற்றுக்கு இடையில் சரிவுப் பகுதிகளையும் வரைந்து, அதிலிருந்து அடுக்குகளை எடுப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் கிரிட் வழி. இறக்கைத் தோல், விமான உடல் பேனல், வால்பகுதி போல, உள்ளே எலும்புக்கூடு வரிசையாக நிற்கிற பெரிய பார்ட்டுகளுக்கு இதுதான் லாயக்கு. காட்டியா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் கிரிட் பேனல், விர்ச்சுவல் ஸ்டாக்கிங் என்ற பெயர்களில் இந்த வசதி இருக்கிறது, ஃபைபர்சிம் போன்றவற்றில் பெயரும் மெனுவும் வேறு. பட்டன் எங்கே இருக்கிறது என்பதை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் என்ன யோசிக்க வேண்டும் என்பது அங்கே கிடைப்பதில்லை, அதனால்தான் இது.

கோடு எங்கிருந்து வருகிறது

இறக்கைக்குள் நீளவாக்கில் ஸ்பார் என்ற பெரிய உத்தரங்கள் ஓடும், குறுக்கே விலா எலும்பு மாதிரி ரிப் என்ற சட்டங்கள் நிற்கும், தோலின் உள்பக்கம் ஸ்டிரிங்கர் என்ற மெல்லிய விறைப்புக் கட்டைகள் நீளவாக்கில் ஒட்டியிருக்கும். தோலில் வரும் சுமை இவற்றின் வழியாகத்தான் கைமாறுகிறது. ஸ்ட்ரெஸ் இன்ஜினியர் கணக்குப் போடுவதும் இரண்டு ரிப்புக்கும் இரண்டு ஸ்டிரிங்கருக்கும் நடுவில் உள்ள ஒரு துண்டுத் தோலை எடுத்துக்கொண்டுதான். அந்தத் துண்டு அமுங்கினால் புடைத்துக்கொள்ளுமா, இழுத்தால் தாங்குமா என்று பார்த்து, இந்தத் துண்டுக்கு இத்தனை அடுக்கு என்று ஒரு எக்ஸெல் ஷீட்டில் எழுதித் தருவார். ஆக உங்கள் கிரிட் கோடு ரிப்பின் தளமும் ஸ்டிரிங்கரின் தளமும் தோலின் சர்ஃபேஸை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் போக வேண்டும். அவருடைய ஷீட்டில் ஒரு வரி என்றால் உங்கள் சர்ஃபேஸில் ஒரு செல், அதாவது கோடுகளுக்கு நடுவில் அடைபடுகிற ஒரு கட்டம். இரண்டும் பொருந்தவில்லை என்றால் யாராவது ஒருவர் இரவு உட்கார்ந்து ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டிவரும், அது பெரும்பாலும் டீமில் புதிதாகச் சேர்ந்த நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள ஒரு பேனல். ரிப்கள் 600 மில்லிமீட்டருக்கு ஒன்று, இரண்டு முனையும் சேர்த்தால் 6 கோடு, நடுவில் 5 இடைவெளி. ஸ்டிரிங்கர் 200 மில்லிமீட்டருக்கு ஒன்று, ஓரங்களில் உள்ள ஸ்பார் கோடுகளையும் சேர்த்து அங்கேயும் 6 கோடு, 5 இடைவெளி. மொத்தம் 25 செல். ஒவ்வொன்றும் 600-க்கு 200. நூறு சதுரம் போட்ட தம்பியோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை கால்வாசிதான், ஆனால் 25-க்கும் காரணம் இருக்கிறது.

கோடு போடும்போது இரண்டு விஷயம். ஒன்று, தளத்தை வைத்து சர்ஃபேஸை வெட்டி எடுக்கிற கோடும், ஏற்கெனவே உள்ள கோட்டிலிருந்து சர்ஃபேஸின் மேலேயே 200 மில்லிமீட்டர் அளந்து தள்ளிப் போடுகிற கோடும் தட்டையான இடத்தில் ஒன்றாக வரும், வளைந்த இடத்தில் வராது. ரிப், ஸ்டிரிங்கர் எல்லாம் எந்தத் தளத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறதோ அதையே எடுங்கள், புதிதாக அளக்காதீர்கள். இரண்டு, கோட்டை பேனலின் ஓரத்தோடு நிறுத்தாமல் கொஞ்சம் வெளியே நீட்டிவிடுங்கள். ஓரத்தில் நூலிழை அளவு எட்டாமல் போனாலும் செல் மூடாது, சாஃப்ட்வேர் புரியாத ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். செல் மூடவில்லை என்றால் சர்ஃபேஸ் துண்டுகளுக்கு இடையில் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியிலிருந்து வந்த ஃபைலில் இது சர்வசாதாரணம். கிரிட் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இணைத்து, சரிசெய்து, ஒரே சர்ஃபேஸாக ஆக்கிவிட வேண்டும்.

அதோடு ஒட்டிய இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கிரிட்டைப் பிரிப்பது என்றதும் எல்லோரும் ஸ்பிளிட் கட்டளையைத்தான் தேடுகிறார்கள். அந்தச் சர்ஃபேஸை உண்மையிலேயே துண்டு துண்டாக வெட்டவே கூடாது. கிரிட் அதன் மேலே எழுதப்பட்ட எல்லைக் கோடுகள், அவ்வளவுதான். அடியில் இருக்கிற சர்ஃபேஸ் முழுசாக, ஒரே உருப்படியாக இருக்க வேண்டும். ஓர் அடுக்குத் துணி பத்து செல்லைத் தாண்டி ஓடப்போகிறது, பத்துத் துண்டில் அது எப்படி ஓடும்? வெட்டினால் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு சின்ன இடைவெளிக்கு வாய்ப்பு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் 25 துண்டின் பெயரும் மாறுவதற்கு வாய்ப்பு. அந்தச் சர்ஃபேஸ் மோல்டில் படுகிற பக்கமாகவும் இருக்க வேண்டும், அடுக்குகள் அங்கிருந்து எந்தப் பக்கம் வளர்கின்றன என்று காட்டும் அம்புக்குறி உள்நோக்கி இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தலைகீழாக இருந்தால் இறக்கை வெளியே பருத்துவிடும், திரையில் சட்டென்று தெரியாது.

செல்லுக்குள் என்ன இருக்கிறது

ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு லேமினேட் கொடுக்கிறோம். அதாவது 0, 45, மைனஸ் 45, 90 ஆகிய திசைகளில் எத்தனை எத்தனை அடுக்கு என்ற கணக்கு. 0 டிகிரி எந்தத் திசை என்பதை ரோசெட் என்ற சின்ன அச்சுக்குறி சொல்லும், மொத்த பேனலுக்கும் அது ஒன்றாக இருப்பது நல்லது. அடுக்குகளின் நடுக்கோட்டுக்கு மேலே உள்ள வரிசை, கண்ணாடியில் பார்த்த மாதிரி கீழே திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வெந்து குளிரும்போது பார்ட் முறுக்கிக்கொள்ளும். 45-ம் மைனஸ் 45-ம் சம எண்ணிக்கை, எந்தத் திசையும் 10 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருப்பது, ஒரே திசை அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக நான்குக்கு மேல் வைக்காமல் இருப்பது, இதெல்லாம் தொழிலில் வழக்கமாகப் பின்பற்றுகிற விதிகள்.

சாஃப்ட்வேர் இப்போது ஒரு பெரிய டேபிளைத் தரும். செல்கள் மேலே நெடுவரிசையாக, அடுக்குகள் பக்கத்தில் வரிசையாக. ஆரம்பத்தில் எல்லோரும் இதை மேலிருந்து கீழாகவே படிக்கிறார்கள், அதாவது ஒரு செல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று. ஸ்ட்ரெஸ் இன்ஜினியருக்கு அது சரி. நீங்கள் குறுக்காகப் படிக்கப் பழகுங்கள். ஒரு வரிசையைப் பிடித்து இடமிருந்து வலமாகப் போனால், அந்த ஒரு துணி எந்தெந்த செல்லில் இருக்கிறது என்று தெரியும். மோல்டு முன்னால் நிற்கிறவர் கையில் வரப்போவது செல் இல்லை, துணி.

உதாரணத்துக்கு அடுத்தடுத்து மூன்று செல். முதலாவதிலும் மூன்றாவதிலும் 10 அடுக்கு: 45, 0, மைனஸ் 45, 90, 0, அப்புறம் அதே வரிசை திரும்பி 0, 90, மைனஸ் 45, 0, 45. நடு செல்லுக்கு 8 போதும் என்று கணக்கு வந்திருக்கிறது, அதனால் மையத்தில் உள்ள இரண்டு 0 டிகிரி அடுக்கையும் எடுத்துவிட்டார்கள். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் குறுக்காகப் படித்தால் அந்த இரண்டு அடுக்கும் முதல் செல்லில் ஒரு துண்டு, மூன்றாவதில் ஒரு துண்டு, ஆக இரண்டு நீளத் துணிக்குப் பதில் நான்கு சின்னத் துண்டு, நாலுக்கும் தனித்தனி வெட்டு, தனித்தனி லேபிள், நடு செல்லின் இரண்டு பக்கமும் சரிவு. இந்த நடு செல்லையும் 10 ஆகவே விட்டுவிட்டால் என்ன? 600-க்கு 200 மில்லிமீட்டர், ஓர் அடுக்கு கால் மில்லிமீட்டர், கார்பன் ஃபைபர் கம்போசிட்டின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு சுமார் 1600 கிலோ. கூடுதல் எடை 100 கிராமுக்கும் சற்றுக் குறைவாக வரும். விமானத்தில் 100 கிராமுக்கும் சண்டை போடுவார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் இந்த மாதிரி இடத்தில் நான் துணி நீளமாக ஓடுவதன் பக்கம்தான் நிற்பேன், சண்டையை ஸ்ட்ரெஸ் டீமோடு போட்டுக்கொள்வேன். அந்தச் சண்டையைப் போடுவதற்கே இந்த டேபிள் உதவுகிறது.

சரிவு எங்கே போகும்

ஒரு செல்லில் 40 அடுக்கு, பக்கத்து செல்லில் 16 என்றால் எல்லைக் கோட்டில் படி மாதிரி வெட்டிவிட முடியாது. ஓர் அடுக்கு முடியும் இடத்தில் விளிம்புக்குப் பக்கத்தில் ரெசின் மட்டும் நிற்கிற ஒரு சின்னக் குழி உருவாகும். 24 அடுக்கும் ஒரே இடத்தில் முடிந்தால் பிளவு அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறோம். முக்கியச் சுமை ஓடும் திசையில் 1-க்கு 20, அதற்குக் குறுக்குத் திசையில் 1-க்கு 10 என்ற சரிவு பரவலாகப் புழங்குகிற அளவு. 24 அடுக்கு, தலா கால் மில்லிமீட்டர், மொத்தம் 6 மில்லிமீட்டர் இறக்கம். 1-க்கு 20 என்றால் 120 மில்லிமீட்டர் நீளச் சரிவு. 1-க்கு 10 என்றாலும் 60.

இப்போது நம்முடைய 200 மில்லிமீட்டர் அகல செல்லுக்கு வாருங்கள். கனமான செல்லின் கனம் கோடுவரைக்கும் முழுசாக இருக்க வேண்டும் என்பதால் சரிவு மெல்லிய செல்லின் பக்கம்தான் விழும். கோட்டின் மேல் ஸ்டிரிங்கர் உட்கார்ந்திருக்கிறது, அதன் பாதம் இரண்டு பக்கமும் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதத்துக்கு அடியில் சரிவு வந்தால் ஸ்டிரிங்கர் சமமாக உட்காராது, அதனால் சரிவு பாதம் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் 30 போனால் மிச்சம் 140. இரண்டு பக்கத்து செல்லும் 40 அடுக்கு என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் சரிவு வரும், 1-க்கு 10 வைத்தாலே 120 போய்விட்டது. 16 அடுக்கு என்று டேபிளில் எழுதியிருக்கும் செல்லில், 16 அடுக்கு உள்ள இடம் நடுவில் 20 மில்லிமீட்டர் பட்டைதான். 1-க்கு 20 வைத்தால் அதுவும் இல்லை, கணக்கில் மட்டும் 16 இருக்கும், பார்ட்டில் எங்கும் இருக்காது. நூறு சதுரம் போட்ட தம்பியின் 100 மில்லிமீட்டர் செல்லில் இதைச் செய்து பாருங்கள், புரியும்.

ஆகவே செல்லைப் பிரிப்பதா சேர்ப்பதா என்பதைச் சரிவுதான் முடிவு செய்கிறது. பெரிய செல்லுக்குள் ஓர் ஓட்டை வருகிறது, அதைச் சுற்றிக் கனம் தேவை என்றால் அங்கே ஒரு துணைக்கோடு போட்டுப் பிரிக்கலாம், பிரித்த துண்டு அதன் சரிவுகளைத் தாங்குமளவுக்குப் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. இறக்கை முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும்போது ஸ்டிரிங்கர்கள் பின் ஸ்பாருக்கு இணையாக ஓடி, முன் ஸ்பாரில் சாய்வாக முட்டி நின்றுவிடும். அங்கே கூர்மையான முக்கோண செல்கள் முளைக்கும், சில சமயம் நகம் அளவுக்குக்கூட. அதற்கெல்லாம் தனி லேமினேட் கொடுத்துக்கொண்டு உட்காராமல் பக்கத்து செல்லோடு சேர்த்துவிடுங்கள், இரண்டில் எது கனமோ அந்த லேமினேட்டையே மொத்தத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.

வளைவு செய்கிற வேலை

இதுவரை சொன்னதில் துணி சர்ஃபேஸில் ஒழுங்காகப் படிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டோம். ஒரே பக்கம் வளைந்த சர்ஃபேஸில், அதாவது உருளை மாதிரி இருந்தால், படியும். இரண்டு பக்கமும் வளைந்தால் கதை வேறு. வீட்டில் ஆச்சியின் கண்டாங்கிச் சேலை இருந்தால் கேட்டு வாங்கி (கேட்காமல் எடுத்தால் பொறுப்பு உங்களுடையது) ஒரு பித்தளைக் குடத்தின் மேல் போட்டு, சுருக்கமில்லாமல் கையால் நீவிவிட்டுப் பாருங்கள். பெரிய கட்டம் போட்ட சேலை என்பதால் நன்றாகத் தெரியும்: குடத்தின் உச்சியில் சதுரமாகவே இருக்கிற கட்டம், தோள்பட்டையில் இறங்க இறங்கச் சாய்சதுரமாகிறது. நூலின் நீளம் மாறவில்லை, பாவுக்கும் ஊடைக்கும் நடுவில் இருந்த 90 டிகிரி மாறிவிட்டது. இன்னும் கீழே போனால் இதற்குமேல் சாய முடியாமல் சேலை சுருங்கி மடிகிறது. கார்பன் துணியும் அச்சாக இப்படித்தான் நடந்துகொள்ளும்.

கிரிட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், டேபிளில் நீங்கள் 45 என்று எழுதிய அடுக்கு அந்த செல்லுக்குப் போய்ச் சேரும்போது 45 ஆக இருக்காது. ஒரு செல்லில் 46, இன்னொன்றில் 52 என்று போகலாம். சாஃப்ட்வேரில் துணி படிவதைக் காட்டும் சிமுலேஷன் இருக்கிறது, எங்கே கோணம் தவறுகிறது என்று நிறத்தால் காட்டும். எல்லா செல்லுக்கும் லேமினேட் கொடுத்து முடித்த பிறகுதான் பெரும்பாலோர் அதை ஓட்டுகிறார்கள். காலி சர்ஃபேஸில், கிரிட் கோடு போட்ட உடனேயே ஒரே ஓர் அடுக்கை மட்டும் பேனல் முழுக்க விரித்து ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். சிவப்பாகத் தெரியும் செல்களைக் குறித்து வைத்துக்கொண்டால், துணியை அங்கே வெட்டி இணைக்க வேண்டுமா, அகலத் துணிக்குப் பதில் குறுகிய நாடா வேண்டுமா, விரிப்பதை வேறு இடத்திலிருந்து தொடங்கலாமா என்று முன்கூட்டியே பேசலாம். வெட்டி இணைப்பதாக இருந்தால் எல்லா அடுக்கின் இணைப்பையும் ஒரே கிரிட் கோட்டின் மேல் வைத்துவிடாதீர்கள். கோடு வசதியாக அங்கே இருக்கிறது என்பதால் கை தானாக அதன் மேல்தான் போகும். இணைப்புகள் அடுக்குக்கு அடுக்கு விலகி நிற்க வேண்டும்.

பெயர் வைப்பது, மாற்றம் வருவது

செல்லுக்குப் பெயர் வைப்பதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். சாஃப்ட்வேர் தானாக செல் 1, செல் 2 என்று வைக்கும், ஒரு கோடு கூடுதலாக வந்தால் எண்ணெல்லாம் கலைந்துவிடலாம். எந்த ரிப்புக்கும் எந்த ஸ்டிரிங்கருக்கும் நடுவில் என்று பெயரிலேயே இருக்கட்டும், ரி3-ரி4, ஸ்டி2-ஸ்டி3 என்கிற மாதிரி. ஸ்ட்ரெஸ் டீமின் எக்ஸெலிலும் அதே பெயர் இருக்கும்படி முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

மாற்றம் கண்டிப்பாக வரும். ரிப் 50 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது என்று ஒரு நாள் சொல்வார்கள். கிரிட் கோடு ரிப்பின் தளத்தோடு இணைந்திருந்தால் கோடும் செல்லும் தானாக நகரும், டேபிள் அப்படியே இருக்கும், சரிவுகள் இடிக்கின்றனவா என்று மட்டும் மறுபடி பார்த்தால் போதும். வெறும் கோடாக வரைந்து வைத்திருந்தால் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். செல்லைப் பாதியில் பிரிக்க வேண்டி வந்தால், பழைய பெயரின் பின்னால் அ, ஆ என்று சேர்த்து, பழைய லேமினேட்டை இரண்டுக்கும் கொடுத்து, அப்புறம் மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

சாஃப்ட்வேர் லைசென்ஸ் இல்லையே, எப்படிப் பழகுவது என்று கேட்பவர்களுக்கு: இங்கே விமானம் என்று சொன்னால் செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கும் பழைய ஓடுதளம்தான் ஞாபகம் வரும், விமானத் தொழிற்சாலை எதுவும் பக்கத்தில் இல்லை, பெங்களூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஆனால் மேலே சொன்ன 25 செல்லை ஒரு சார்ட் பேப்பரில் வரையலாம், அடுக்குகளை ஓர் எக்ஸெல் ஷீட்டில் எழுதலாம். செல்லுக்குச் செல் அடுக்கு எண்ணிக்கையை நீங்களே 16-லிருந்து 40 வரை மாற்றி மாற்றிக் கொடுங்கள், ஒவ்வோர் எல்லையிலும் சரிவின் நீளத்தைக் கணக்கிட்டுப் பென்சிலால் நிழல் போடுங்கள். எந்த செல் முழுக்கக் கறுத்துப்போகிறதோ, அதன் இரண்டு பக்கத்து செல்களில் எதன் அடுக்கைக் குறைக்கலாம், அல்லது இதன் அடுக்கை எவ்வளவு கூட்டலாம் என்று யோசித்து டேபிளைத் திருத்திவிட்டு மறுபடி நிழல் போடுங்கள்.